கூலியும் கொடியும் (14): கேட் இல்லாத சங்கம்

சென்ற வாரம் வரை மில் வாசலிலேயே நின்றிருந்தோம். பெரம்பூர் பி அண்ட் சி மில், 1918 ஏப்ரல் 27, அங்கே பிறந்த சென்னைத் தொழிலாளர் சங்கம். அதை முன்னின்று நடத்திய வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார். அப்புறம் 1921 வேலைநிறுத்தம், அதன் கசப்பு.

அந்தக் கதைகள் எல்லாவற்றிலும் ஒரு பொருள் மாறாமல் வந்துகொண்டே இருந்தது: மில் கேட். சங்கு ஊதும். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே வழியாக உள்ளே போவார்கள், அதே வழியாக வெளியே வருவார்கள். பேச வந்தவருக்கு ஏறி நிற்க ஒரு பெட்டி கிடைத்தால் போதும். கோரிக்கை யாரிடம், கோபம் யார்மேல், மறியல் எங்கே என்பதற்கெல்லாம் அந்தக் கேட்டே பதில் வைத்திருந்தது.

இந்த வாரம் கேட்டே இல்லாத ஊருக்குப் போகிறோம்.

பாறை ஊர்

புதுக்கோட்டை மாவட்டத்தில், கீரனூருக்குக் கிழக்கே, குளத்தூர் வட்டத்தில், ஒரு ஊராட்சி ஒன்றியத்துக்கே பெயர் கொடுத்த ஊர் குன்றாண்டார்கோவில். பாறையைக் குடைந்து எடுத்த பல்லவர் காலக் கோயில் இங்கே இருக்கிறது. அதற்கு முன்னால் குதிரை பூட்டிய தேரைப் போலப் பிற்காலத்தார் எழுப்பிய மண்டபம். ஆயிரத்து இருநூறு வருஷமாக இங்கே கல் பேசுகிறது. யார் தானம் கொடுத்தார், யார் ஆண்டார் என்றெல்லாம் கல்வெட்டு சொல்லும். உளி பிடித்தவனுக்குக் கூலி என்ன என்று சொல்லாது. அதற்காக நான் ராஜாக்களைத் திட்டப்போவதில்லை. நம் காலத்திலும் அந்தக் கணக்கு எழுதப்பட வெகுநாள் ஆயிற்று, அதைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

வானம் பார்த்த பூமி இது. குளம் பெருகிய வருஷம் நாற்றங்காலில் வேலை இருக்கும். பெருகாத வருஷம் சம்மட்டியோ மண்வெட்டியோ சாந்துச்சட்டியோதான் கை கொடுக்கும். கல் உடைக்கப் போகிறவர், கிணறு வெட்டப் போகிறவர், கொத்தனாரோடு கையாளாகப் பேருந்து ஏறித் திருச்சிக்குப் போகிறவர் எல்லோரும் ஒரே வீட்டில் இருப்பார்கள். பல சமயம் அந்த மூன்று பேரும் ஒரே ஆள்தான்.

அந்த ஆளின் ஒரு வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திங்கள், செவ்வாய் ஒரு வீட்டுக்கு வானம் தோண்டுவார். புதன் மழை, வேலை இல்லை. வியாழன் வேறொரு மேஸ்திரி ரோட்டு வேலைக்குக் கூப்பிடுவார். சனிக்கிழமை கான்கிரீட் போடுகிற இடத்தில் சட்டி தூக்குவார். சம்பளம் கொடுப்பவர் மேஸ்திரி. அவருக்குக் கொடுப்பவர் கான்ட்ராக்டர். அவருக்குக் கொடுப்பவர் வீட்டுக்காரரோ அரசாங்கமோ.

இதில் முதலாளி யார்?

மில் தொழிலாளி இந்தக் கேள்வியைக் கேட்கவேண்டி வந்ததே இல்லை. தமிழ்நாட்டுக் கட்டிடத் தொழிலாளர் சங்கங்களின் கதை, எழுபதுகளின் கடைசியிலிருந்து கிட்டத்தட்ட இருபது வருஷம் இந்த ஒரு கேள்விக்குள்தான் சுற்றியது.

சாரத்திலிருந்து விழுந்தவர்

1979-இல் சென்னையில் தமிழ் மாநிலக் கட்டிடத் தொழிலாளர் சங்கம் உருவானது. ஆர். கீதாவைப் போன்றவர்கள் அதில் முன்னின்று உழைத்தார்கள். சங்கம் வைப்பது பெரிய காரியமல்ல. 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி அப்போது ஏழு பேர் கையெழுத்துப் போட்டால் பதிவுக்கு மனுச் செய்ய முடிந்தது. வைத்த சங்கம் யாரோடு பேசுவது என்பதில்தான் சிக்கல்.

மூன்றாவது மாடிச் சாரத்தில் கயிறு அவிழ்ந்து ஒருவர் விழுகிறார். இறந்தவரின் மனைவியை அழைத்துக்கொண்டு சங்கத்துக்காரர் வீட்டுக்காரரிடம் போனால், "எஞ்சினியரைக் கேளுங்கள்" என்பார். எஞ்சினியர் கான்ட்ராக்டரைக் காட்டுவார். கான்ட்ராக்டர் மேஸ்திரியைக் காட்டுவார். மேஸ்திரி ஊரை விட்டே போயிருப்பார். அவர் மட்டும் என்ன பணக்காரரா? நேற்றுவரை அவரும் கரணை பிடித்தவர்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1923-லேயே தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்துவிட்டது. கான்ட்ராக்டர் வைத்த ஆளுக்கும் வேலையை ஒப்படைத்தவரே பொறுப்பு என்று அதில் ஒரு பிரிவு உண்டு. ஆனால் அந்த வேலை அவருடைய தொழிலின் பகுதியாக இருக்கவேண்டும். சொந்தமாகக் குடியிருக்க வீடு கட்டுகிறவருக்கு வீடு கட்டுவது தொழிலா? அந்த இடுக்கு வழியாக எத்தனையோ பேர் நழுவினார்கள்.

வேலைநிறுத்தமும் செய்ய முடியாது. மில்லில் தறி நின்றால் முதலாளிக்கு நஷ்டம். கட்டிடத்தில் கொத்தனார் ஒரு நாள் வராவிட்டால் மறுநாள் காலை ஆள் நிற்கும் முக்கில் வேறு கொத்தனார் கிடைப்பார். கொடி பிடித்தவருக்கு அடுத்த நாள் வேலைக்கு அழைப்பு வராது, அவ்வளவுதான்.

எட்டு ரூபாய் இருபத்தைந்து காசு

இது தமிழ்நாட்டு நோய் மட்டுமல்ல. 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டெல்லியில் மைதானங்களும் மேம்பாலங்களும் எழுந்தன. கட்டியவர்கள் ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், ஒரிசா என்று பல ஊர்களிலிருந்து ஜமாதார்கள் கூட்டிவந்தவர்கள். குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. ஜமாதார் ஆளுக்கு ஒரு ரூபாய் பிடித்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசு கொடுத்தார்.

அந்த ஒரு ரூபாய் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1982 செப்டம்பரில் நீதிபதி பகவதி தீர்ப்பு எழுதினார்: குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வாங்கும் வேலை அரசியல் சாசனம் தடுத்த கட்டாய உழைப்பே. கான்ட்ராக்டர் செய்த தவறு என்று அரசாங்கம் கை கழுவ முடியாது.

கட்டிடத் தொழிலாளர்களின் கண் அரசாங்கத்தின் பக்கம் திரும்பியதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் நம் ஊரிலேயே இருந்தது. அதே 1982-இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில், தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் நிறைவேறியது. பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஒரு நீண்ட வால்: வேலைவாய்ப்பையும் வேலை நிலைமைகளையும் ஒழுங்குபடுத்துதல்.

அந்த வாலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

பம்பாய் மூட்டை

அந்த 1982 சட்டத்தின் யோசனை பம்பாயிலிருந்து வந்தது. அங்கே சந்தையிலும் கிடங்கிலும் மூட்டை தூக்கும் மத்தாடித் தொழிலாளர்களுக்கும் நிலையான முதலாளி கிடையாது. அண்ணாசாகேப் பாட்டீல் போன்றவர்கள் நடத்திய போராட்டத்தால் 1969-இல் மகாராஷ்டிராவில் ஒரு சட்டம் வந்தது. மூட்டை தூக்க ஆள் வேண்டுமா? வியாபாரி வாரியத்தில் பதிய வேண்டும். தொழிலாளியும் பதிய வேண்டும். கூலியை வியாபாரி வாரியத்தில் கட்டுவார், அதற்கு மேல் ஒரு சதவீதத் தொகையும் சேர்த்து. வாரியம் கூலியைக் கொடுத்துவிட்டு, மேல்தொகையில் வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, விடுப்புச் சம்பளம் எல்லாம் பார்த்துக்கொள்ளும். துறைமுகத் தொழிலாளருக்கு 1948-லேயே மத்திய அரசு போட்ட சட்டத்தின் தம்பி இது.

நல்ல யோசனை. அதைத் தமிழ்நாட்டுக் கட்டிட வேலைக்குப் பொருத்திப் பார்த்தால்தான் கால் நுழையவில்லை.

மசூதி பந்தரில் கடை வைத்த வியாபாரி நாளையும் அங்கேதான் இருப்பார், அடுத்த வருஷமும் இருப்பார். வீடு கட்டுகிறவர் வாழ்நாளில் ஒரு முறைதான் கட்டுவார். ஆறு மாதம் முதலாளி, ஏழாவது மாதம் வெறும் குடித்தனக்காரர். அவரைப் பதிவு செய், வாரியத்தில் கூலியைக் கட்டு என்றால் எந்த ஊரில் நடக்கும்?

சட்டம் வந்தது 1982-இல். கட்டிடத் தொழிலாளருக்கென்று ஒரு வாரியம் அமைந்தது 1994-இல். நடுவில் பன்னிரண்டு வருஷம்!

கட்டிடம் எங்கே ஓடும்?

அந்தப் பன்னிரண்டு வருஷத்தில்தான் திருப்பம் வந்தது. ஒரே நாளில் ஒரே ஆளுக்குத் தோன்றியதல்ல. பீடித் தொழிலில் வரி வசூலித்து அந்தப் பணத்தைப் பீடித் தொழிலாளர் நலனுக்குச் செலவிட 1976-லேயே மத்திய அரசு சட்டம் போட்டிருந்தது. பீடி சுற்றும் பெண்ணுக்கும் நிலையான முதலாளி இல்லை. ஆனால் பீடி இருக்கிறது. முதலாளி மறையலாம், பீடி மறையாது.

சங்கத்துக்காரர்கள் அதையே கட்டிடத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

மேஸ்திரி ஓடிவிடுவார். கான்ட்ராக்டர் பெயரை மாற்றிக்கொள்வார். வீட்டுக்காரர் எனக்குத் தெரியாது என்பார். கட்டிடம் எங்கே ஓடும்? நட்ட இடத்தில் நிற்கத்தானே வேண்டும். அதுவும் எழும்பும் முன்பே ஒரு ஜன்னலுக்கு வந்து நின்றாக வேண்டும்: பிளான் அப்ரூவல் ஜன்னல். நகராட்சியிலோ பஞ்சாயத்திலோ வரைபடத்துக்கு முத்திரை வாங்காமல் முறையாகக் கட்ட முடியாது. அந்த ஜன்னலிலேயே கட்டிட மதிப்பில் ஒரு சிறு பங்கைப் பிடித்துவிட்டால்?

தொழிலாளர் சங்கங்கள் எழுபது வருஷமாகத் தேடி நின்ற கேட், கட்டிட வேலையில் இந்த ஜன்னலாக மாறி வந்தது. என்னைக் கேட்டால், இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டுத் தொழிற்சங்கங்கள் செய்த மிகக் கெட்டிக்காரத்தனமான காரியம் இதுதான். இதற்கு யாரும் சிலை வைக்கவில்லை. ஜன்னலுக்கு எப்படிச் சிலை வைப்பது?

வேலை தருபவர் யார் என்றே தெரியாதவர்களுக்குச் சங்கம் உண்டா என்ற சந்தேகம் இன்னொரு இடத்திலும் எழுந்திருந்தது. 1972-இல் அகமதாபாத்தில் எலா பட் சுயதொழில் பெண்களின் சங்கமான 'சேவா'வைப் பதிவு செய்யப் போனபோது, யாரை எதிர்த்துப் போராட இந்தச் சங்கம் என்று அதிகாரிகள் கேட்டார்கள். எதிர்த்துப் போராட மட்டுமல்ல, தொழிலாளிகள் ஒன்றுசேரவும்தான் சங்கம் என்று வாதாடிப் பதிவு வாங்கினார். தமிழ்நாட்டுக் கட்டிடத் தொழிலாளர்கள் அதையே வேறு வழியில் நடத்திக் காட்டினார்கள்.

எல்லோருக்கும் இது பிடித்துவிடவில்லை. முதலாளியிடம் உரிமை கேட்பது போராட்டம், அரசாங்கத்திடம் நிதி கேட்பது மனு என்று பார்த்துப் பழகியவர்களுக்கு இது இறக்கமாகத் தெரிந்தது. அந்தக் கவலையில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

1985-இல் டெல்லியில் நாடு முழுவதும் உள்ள கட்டிடத் தொழிலாளர் சங்கங்கள் கூடின. கட்டிடத் தொழிலாளருக்கு மத்தியச் சட்டம் கேட்டு ஒரு தேசியப் பிரசாரக் குழு அமைந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமை தாங்கினார். அரசின் தொழிலாளர் துறையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்ற டி.எஸ். சங்கரன் சட்ட வரைவுக்கு மூளையாக இருந்தார். 1986-இல் நாடாளுமன்ற மனுக்கள் குழுவின் முன் கோரிக்கை போயிற்று. நாடெங்கும் கையெழுத்தும் கைநாட்டும் சேர்த்தார்கள். கையெழுத்தைவிடக் கைநாட்டுப் போட்டவர்களுக்கே அந்தச் சட்டம் அதிகம் வேண்டியிருந்தது.

இடையில் ஒரு புதுக்கோட்டைக் கதை

இதே காலத்தில் புதுக்கோட்டை மாவட்டம் வேறொரு விடையை முயன்று பார்த்தது. அதைச் சொல்லாமல் போனால் இந்தப் பாறைகள் மன்னிக்காது.

1991-இல் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் இங்கே வேகம் பிடித்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த நேரம். அந்த இயக்கத்தில் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதை ஊரே இன்னும் பேசும். குவாரியைப் பேசுகிறவர்கள் குறைவு. கொத்தடிமையாகக் கல் உடைத்த பெண்கள் பலர் இருந்த குவாரிகளின் குத்தகையைப் பெண்கள் குழுக்களுக்கே கொடுத்தது மாவட்ட நிர்வாகம். முதலாளி யார் என்று தேடவேண்டாம், நீயே எடுத்து நடத்து. நேற்றுவரை ஜல்லி உடைத்தவள் இன்று லோடு கணக்கு எழுதினாள். எழுத அறிவொளி கற்றுக்கொடுத்திருந்தது.

குத்தகை எடுத்துப் பழகிய கான்ட்ராக்டர்களுக்கு இது பிடிக்குமா? அந்த இழுபறி தனிக் கதை, பின்னால் ஒரு வாரம் அதற்கே ஒதுக்குகிறேன். இப்போதைக்கு இது போதும்: அரசாணை கொடுத்த குத்தகையை இன்னொரு அரசாணை எடுத்துவிடலாம். சட்டம் போட்டு வைத்த நிதியை எடுப்பது அவ்வளவு சுலபமில்லை.

முதல் எண்

1994 நவம்பர் 30. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் செயல்படத் தொடங்கியது. ஜெயலலிதா முதலமைச்சர். 1982 சட்டத்தின் கீழ் வந்த முதல் நல வாரியம் இது. கட்டிட மதிப்பீட்டில் 0.3 சதவீதம் அந்த ஜன்னலில் பிடிக்கப்பட்டது.

யாரெல்லாம் கட்டுமானத் தொழிலாளி என்று ஒரு பட்டியல் வேண்டுமல்லவா? போட்டார்கள். கொத்தனார், தச்சர், பெயிண்டர், கம்பி கட்டுபவர், கிணறு தோண்டுபவர், கிணற்றில் மூழ்கித் தூர் எடுப்பவர், கூரை வேய்பவர், மொசைக் பாலிஷ் போடுபவர், சம்மட்டி அடிப்பவர், சுண்ணாம்பு பதப்படுத்துபவர், காவல்காரர் வரை போகும் நீண்ட பட்டியல். அரசிதழ்த் தமிழில் இத்தனை உயிரோட்டமான பக்கம் அபூர்வம். ஒரு ஊரே எழுந்து வரிசையில் நிற்பது போல இருக்கும்.

அந்தப் பட்டியலின் முதல் எண் எது தெரியுமா?

கல் வெட்டுபவர், கல் உடைப்பவர்.

குன்றாண்டார்கோவில் வட்டாரத்தில் எத்தனை வீட்டுக்கு அந்த முதல் எண் பொருந்தும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. 18 வயது முதல் 60 வயதுவரை உள்ளவர் பதிந்துகொள்ளலாம். போட்டோ ஒட்டி, எண் போட்டு ஓர் அட்டை வரும். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் 'நல வாரியக் கார்டு'. விபத்தில் இறந்தால் குடும்பத்துக்குப் பணம், பிள்ளை படித்தால் உதவி, கல்யாணத்துக்கு, பிரசவத்துக்கு என்று கார்டோடு சில பலன்கள் வந்தன. தொகை பெரிதில்லை. ஆனால் யாரிடம் வேலை செய்தாலும் அந்தக் கார்டு கூடவே வரும். திங்கட்கிழமை மேஸ்திரிக்கும் வியாழக்கிழமை மேஸ்திரிக்கும் சம்பந்தமில்லாமல், இவர் தொழிலாளி என்று அரசாங்கம் ஒப்புக்கொண்ட காகிதம்.

சங்கம் ஒரேயடியாக மாறியது. முன்பு சங்க அலுவலகத்தில் கொடியும் தட்டியும் இருக்கும். இப்போது மேஜை, படிவக் கட்டு, பசை, போட்டோ ஸ்டூடியோ விலாசம். காலையில் மறியலுக்குப் போன தோழர் மாலையில் பிறப்புச் சான்றிதழ் சரிபார்த்தார். சந்தா கட்டி உறுப்பினரானால் சங்கம் மனு எழுதிக் கொடுக்கும், அலைந்து வாங்கியும் தரும். பெண்கள் திரளாக வந்தார்கள். சித்தாள் என்று ஒரே சொல்லில் அடக்கிவைத்திருந்தவர்களுக்கு அந்தக் கார்டில் சொந்தப் பெயர் இருந்தது.

1996

டெல்லியில் இழுபறி ஓயவில்லை. 1988-இல் மாநிலங்களவைக்கு வந்த மசோதாவைத் தொழிலாளர் தரப்பு ஏற்கவில்லை. 1995 நவம்பரில் நரசிம்ம ராவ் அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. அது காலாவதியாகும் முன் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. நான்கு அவசரச் சட்டம் கடந்து, தேர்தல் கடந்து, தேவகௌடா பிரதமரான பிறகு 1996 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இரண்டு சட்டங்களை நிறைவேற்றியது. ஒன்று கட்டிட, இதர கட்டுமானத் தொழிலாளர் சட்டம். மற்றது அதற்கான செஸ் சட்டம்: கட்டுமானச் செலவில் ஒரு சதவீதத்துக்குக் குறையாமல், இரண்டு சதவீதத்துக்கு மேற்படாமல் ஒரு தொகை. ஜன்னல் யோசனை நாடு முழுமைக்கும் சட்டமாயிற்று.

அதே 1996-இல் இன்னொன்றும் நடந்தது. பெரம்பூரில், சென்ற வாரம் வரை நாம் நின்றிருந்தோமே அந்த வாசல், பி அண்ட் சி மில், அடியோடு மூடப்பட்டது. தமிழ்நாட்டின் முதல் பெரிய சங்கத்தைப் பெற்ற கேட் சாத்திய வருஷமும், கேட் இல்லாதவர்களின் சட்டம் வந்த வருஷமும் ஒன்று. நான் இட்டுக்கட்டினால் நம்பமாட்டீர்கள்.

வாலும் கையெழுத்தும்

இப்போது அந்த வாலுக்கு வருவோம். வேலைவாய்ப்பை ஒழுங்குபடுத்துதல். 1982 சட்டத்தின் தலைப்பில் இருந்தது. 1996 சட்டத்தின் தலைப்பிலும் இருந்தது. பம்பாய் மத்தாடிக்கு வாரியமே வேலை பங்கிட்டது, கூலி பட்டுவாடா செய்தது. பிரசாரக் குழு கேட்டதும் அதைத்தான். இங்கே வாரியம் வந்தது, நிதி வந்தது, கார்டு வந்தது. நாளைக்கு வேலை உண்டா, என்ன கூலி, யார் தருவார் என்பதை மட்டும் பழையபடி மேஸ்திரியே முடிவு செய்தார். தலைப்பில் பாதிதான் தரைக்கு இறங்கியது.

அந்தப் பாதியிலும் ஒரு முள். 1996 சட்டத்தின்படி பயனாளியாகப் பதிய, முந்தைய பன்னிரண்டு மாதத்தில் குறைந்தது 90 நாள் கட்டுமான வேலை செய்திருக்க வேண்டியிருந்தது. நியாயம்தான். கட்டிடப் பக்கமே போகாதவர்கள் கார்டு வாங்கிவிடக் கூடாது. ஆனால் 90 நாளுக்குச் சாட்சி யார்? மில்லில் ஆஜர்ப் பட்டியல் இருந்தது. நம் ஆளுக்கு அந்த வருஷத்தில் பதினோரு மேஸ்திரி, நாலு கான்ட்ராக்டர், எண்ணாத வீட்டுக்காரர்கள்.

குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்து கீரனூருக்கு வந்து, மேஜைமுன் நிற்கிறார் அவர். போட்டோ இருக்கிறது. ரேஷன் கார்டு நகல் இருக்கிறது. உள்ளங்கையில் காய்ப்பு இருக்கிறது. அதை ஜெராக்ஸ் எடுக்க முடியாது. படிவத்தின் அடியில் ஒரு கோடு காலியாகக் கிடக்கிறது. வேலை செய்ததற்குச் சான்றளிப்பவர் கையொப்பம்.

முதலாளி அகப்படவில்லை என்றுதான் இத்தனை தூரம் நடந்தார்கள். இப்போது படிவம் அதே ஆளைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கிவரச் சொல்கிறது. மேஸ்திரி போட்டால் நாளைக்கு இழப்பீடு தன் தலையில் விழுமோ என்று பயப்படுகிறார். கிராம நிர்வாக அலுவலர், நீ கல் உடைத்ததை நான் பார்த்தேனா என்கிறார். மேஜைக்குப் பின்னால் இருக்கும் சங்கத்துக்காரர் பேனாவை எடுக்கிறார், மூடியைத் திறக்கிறார்.

அந்தக் கோட்டில் அவர் கையெழுத்துப் போடலாமா?

(தொடரும்)